ஆழத்தின் சாட்சி

கடலில் செல்பவன் அடிவானம்வரை எல்லாத் திசையிலும் காண்கிறான். தன் காலுக்குக் கீழே இருப்பதை மட்டும் அவன் காண்பதில்லை. நூறு மீட்டர் ஆழமுள்ள நீரும், நான்கு மீட்டரில் பாறையை மறைத்து வைத்திருக்கும் நீரும் அமைதியான நாளில் ஒரே நிறத்துடன், ஒரே அசைவுடன் தோன்றக்கூடும். ஆகவே, காணாததை அறிந்து அதற்கேற்ப நடப்பது எவ்வாறு என்னும் வினா, படகோட்டும் தொழிலோடு உடன்பிறந்தது எனலாம்.

இன்று அவ்வினாவுக்கு விடை கூறச் சுக்கானின் அருகே ஒரு சிறு திரை ஒளிர்கிறது. எக்கோ சவுண்டர் என்றும் சோனார் என்றும் வழங்கும் இக்கருவி, குமரிக் கடற்கரையின் தூத்தூர் வட்டாரத்திலிருந்து ஆழ்கடல் செல்லும் படகினர்க்கும் பழக்கமான துணைவன். நீலம், மஞ்சள், சிவப்பு என்று கோடுகள் ஓட, ஒரு மூலையில் ஆழம் எண்ணாகத் தெரிகிறது. பார்த்தவுடன், கடலின் அடித்தளத்தையே சன்னல் வழியாகக் காண்பதாக எண்ணத் தோன்றும்.

இங்கேதான் ஓர் அறநெறி வினா எழுகிறது. கருவி சொல்லிவிடுகிறது என்பதால் மனிதனின் பொறுப்பு குறைந்துவிட்டதா? அல்லது கூடிவிட்டதா? படகோட்டிக்கு மட்டுமன்று, ஏதேனும் ஓர் அளவுகோலை நம்பிப் பிறரை வழிநடத்தும் எவருக்கும் உரிய வினா இது. ஆயினும் இதைக் கடலில் வைத்தே ஆராய்வது நன்று. ஏனெனில் அங்கே தவறான விடைக்கு உயிரே விலையாகிறது.

ஈயக் குண்டும் எதிரொலியும்

கருவிகள் வருமுன்னர், கயிற்றின் நுனியில் ஈயக் குண்டைக் கட்டி நீரில் இறக்கி ஆழம் பார்த்தனர். விரித்த இரு கைகளின் நீளமே அளவு. அதைப் பாகம் என்றனர். ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி. குண்டின் அடியில் சிறு குழி அமைத்து, அதில் விலங்குக் கொழுப்பைத் தடவி இறக்குவதும் உண்டு. மேலே இழுக்கும்போது அடித்தளத்தின் மணலோ சேறோ சிப்பித் துகளோ அதில் ஒட்டி வரும். எவ்வளவு ஆழம் என்பதோடு, எத்தகைய தரை என்பதையும் அது சொல்லிற்று.

நம் கடற்கரை மக்களிடம் மற்றோர் அறிவும் இருந்தது. கரையிலுள்ள மலை முகட்டையும் கோவில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் காண்பார்கள்; வேறிரு அடையாளங்களை மற்றொரு கோட்டில் காண்பார்கள். இரு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் நீருக்கடியில் இன்ன பார் இருக்கிறது என்று சொல்வார்கள். குமரிக் கரையில் கணியம் என்று வழங்கும் இக்கலை, தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகவே வந்தது. ஒரு கோடு போதாது, இரண்டு வேண்டும் என்பதே அதன் இலக்கணம்.

ஆழம் பார்த்த நிகழ்ச்சி ஒன்று திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்திலும் உண்டு. பவுல் கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்படுகிறார். புயலில் அலைக்கழிந்த பதினான்காம் இரவு, நள்ளிரவில், தரை நெருங்குகிறது என்று மாலுமிகள் உணர்கின்றனர். குண்டை இறக்குகின்றனர், இருபது பாகம். சற்றுத் தூரம் சென்று மீண்டும் இறக்குகின்றனர், பதினைந்து பாகம். இவற்றில் எந்த எண்ணும் தனித்து நின்றால் ஆபத்தைக் காட்டாது. பதினைந்து பாகம் என்பது ஏறத்தாழ தொண்ணூறு அடி. எந்தக் கப்பலும் மிதக்கப் போதுமான நீர். ஆபத்தைச் சொன்னது இரண்டிற்கும் இடையே இருந்த வேறுபாடே. அதை அவர்கள் புரிந்துகொண்டார்கள். உடனே பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கிவிட்டு, விடியலுக்காக ஏங்கி நின்றார்கள்.

கயிற்றின் இடத்தை ஒலி பிடித்தது இருபதாம் நூற்றாண்டில். 1912-இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கிய பின்னர், நீருக்குள் ஒலியை அனுப்பித் தடைகளை அறியும் முயற்சி விரைவுபெற்றது. 1914-இல் ரெஜினால்டு ஃபெசென்டன் என்பார் பனிமலையிலிருந்து திரும்பிய எதிரொலியைப் பதிவு செய்தார். 1948-இல் சப்பானின் ஃபுருனோ நிறுவனத்தார் இத்தொழில்நுட்பத்தை மீன் தேடும் கருவியாக்கி மீனவர் கைக்குக் கொண்டுவந்தனர்.

திரை சொல்வதும் சொல்லாததும்

கருவியின் செயற்பாடு எளியது. படகின் அடியில் பொருத்தப்பட்ட டிரான்ஸ்டியூசர் ஓர் ஒலித்துடிப்பைக் கீழ்நோக்கி அனுப்புகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். சென்று திரும்ப நொடியில் பத்திலொரு பங்கு ஆயிற்று எனில், ஒலி கடந்த தொலைவு 150 மீட்டர். ஆழம் அதில் பாதி, 75 மீட்டர். கருவி அளப்பது காலத்தை மட்டுமே. ஆழத்தை அது கணக்கிட்டுச் சொல்கிறது.

இவ்வுண்மையை மனத்தில் கொண்டு திரையைப் பார்த்தால், அது சன்னல் அன்று, ஒரு சாட்சி என்பது விளங்கும். சாட்சி பொய் சொல்வதில்லை. ஆனால் தான் அறிந்ததை மட்டுமே சொல்லும். அதன் மொழியை அறியாதவன் அதைத் தவறாகப் புரிந்துகொள்வான்.

முதலாவதாக, அச்சாட்சி பேசுவது கடந்ததைப் பற்றி. திரையின் வலது விளிம்பில் தோன்றும் ஒற்றைக் கோடுதான் இக்கணத்து எதிரொலி. இடப்புறம் நகர்ந்து செல்லும் எஞ்சிய படம் முழுவதும் படகு கடந்து வந்த நீரின் நினைவு. எட்டு நாட் வேகத்தில் செல்லும் படகு ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 250 மீட்டர் கடக்கிறது. திரையில் ஒரு நிமிட வரலாறு இருக்குமெனில், அதன் இடது ஓரத்தில் தெரிவது 250 மீட்டர் பின்னால் இருக்கிறது. கீழ்நோக்கும் கருவி முன்னால் இருக்கும் பாறையை ஒருபோதும் காட்டாது. அடித்தளம் மேலேறி வருவதைக் கண்டு, முன்னால் இன்னும் ஏறக்கூடும் என்று ஊகிக்க வேண்டியவன் மனிதனே. முன்னோக்கிப் பார்க்கும் சோனார்களும் உள்ளன. அவற்றின் பார்வைக்கும் எல்லை உண்டு.

இரண்டாவதாக, அது இடம் வலம் அறியாது. ஒலி ஒரு கூம்பாக விரிந்து செல்கிறது. கூம்பின் விரிவு 20 பாகை எனில், 30 மீட்டர் ஆழத்தில் அது தொடும் வட்டத்தின் விட்டம் 10 மீட்டருக்குச் சற்று மேல். அவ்வட்டத்துக்குள் எங்கிருந்து எதிரொலி வந்தாலும் திரையில் ஒரே கோட்டில்தான் விழும். மீன் ஒன்று கூம்பின் ஓரத்தில் நுழைந்து, நடுவைக் கடந்து, மறு ஓரத்தில் வெளியேறும்போது, அதன் தொலைவு முதலில் குறைந்து பின்னர் கூடுகிறது. அதனால் அது வில்போல் வளைந்து தெரிகிறது. படகும் மீனும் அசையாதிருப்பின் அதே மீன் நீண்ட கோடாகத் தெரியும். நீளமாகத் தெரிவது நீளமான மீன் என்று எண்ணுதல் பிழை.

மூன்றாவதாக, உரத்த குரல் பெரிய பொருளுக்கு அடையாளம் அன்று. பல மீன்களின் உடலுக்குள் காற்றுப்பை உண்டு. எதிரொலியின் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது. சுறாவுக்குக் காற்றுப்பை இல்லை. ஆதலால் சிறு மீன்களின் கூட்டம் திரையில் சிவப்பாய் ஒளிர, ஆளை விழுங்கும் சுறா மங்கலாய் மறைந்துபோகலாம். தரையும் அவ்வாறே: கடினப் பாறை ஒலியை வலுவாகத் திருப்பும், இருமடங்கு ஆழத்தில் இரண்டாவது அடித்தளம் ஒன்றையும் திரையில் தோற்றுவிக்கும். மென்சேறு ஒலியை உறிஞ்சிக்கொள்ளும்.

நான்காவதாக, நாம் கேட்கும் விதத்துக்கேற்பவே சாட்சி பேசும். கெயின் என்னும் உணர்திறனைக் குறைத்து வைத்தால் மெல்லிய எதிரொலிகள் மறைந்து, கடல் வெறுமையாய்த் தோன்றும். கூட்டினால் எங்கும் இரைச்சல் நிரம்பும். 200 கிலோஹெர்ட்சில் நுணுக்கம் மிகும், எட்டும் ஆழம் குறையும். 50 கிலோஹெர்ட்சில் ஆழம் எட்டும், நுணுக்கம் குறையும். மூலையில் தெரியும் ஆழ எண்ணும் இதற்கு விலக்கன்று. அது நீர்மட்டத்திலிருந்தா, டிரான்ஸ்டியூசரிலிருந்தா, படகின் அடிக்கட்டையிலிருந்தா என்பது பொருத்தியவர் செய்த அமைப்பைப் பொறுத்தது. இரண்டு மீட்டர் நீருக்குள் அமிழ்ந்து செல்லும் படகில் மூன்று மீட்டர் என்று எண் காட்டினால், நீர்மட்டத்திலிருந்து அளந்த கணக்கில் அடியில் எஞ்சியிருப்பது ஒரு மீட்டரே. அடிக்கட்டையிலிருந்து அளந்த கணக்கில் மூன்று மீட்டரும் உண்டு. எண் ஒன்றுதான், ஆனால் ஒன்றில் பிழைக்கலாம், மற்றொன்றில் தரைதட்டலாம்.

வல்லுநர்களும் இச்சாட்சியிடம் ஏமாந்ததுண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல், கலிபோர்னியாவுக்கு அப்பால் நீர்மூழ்கிகளைக் கண்டறியும் ஆய்வில் ஈடுபட்டோர், கடலின் உண்மையான அடித்தளத்துக்கு மிக மேலே, சில நூறு மீட்டர் ஆழத்தில், எதிரொலி தரும் ஒரு படலத்தைக் கண்டனர். பார்வைக்கு அது கடலடித் தரைபோலவே இருந்தது. 1945-இல் மார்ட்டின் ஜான்சன் என்னும் உயிரியலார், அப்படலம் மாலையில் மேலெழுந்து பகலில் கீழிறங்குவதைக் கவனித்தார். தரை நகராது, ஆகவே அது உயிரினங்களின் பெருந்திரள் என்று உணர்ந்தார். ஒரே தோற்றத்தைப் பலமுறை, பல வேளைகளில் பார்க்கும் பொறுமையே உண்மையை வெளிப்படுத்திற்று.

கேட்டும் கேளாமை

சாட்சியின் சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வது ஒரு குறை. சரியாகச் சொன்னதைக் கேளாதிருப்பது அதனினும் பெரிய குறை.

2005 சனவரி 8 அன்று, அமெரிக்கக் கடற்படையின் சான் பிரான்சிஸ்கோ என்னும் அணுசக்தி நீர்மூழ்கி, குவாம் தீவிலிருந்து ஆஸ்திரேலியா நோக்கிச் செல்கையில், 160 மீட்டர் ஆழத்தில் கடலடி மலையொன்றின்மீது பெருவேகத்தில் மோதியது. ஒருவர் உயிரிழந்தார், தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பயன்பாட்டிலிருந்த வரைபடத்தில் அம்மலை இல்லை. வரைபடத்தின்மீது பழி போட்டு முடித்திருக்கலாம். ஆனால் விசாரணை வேறு இரு செய்திகளை வெளிக்கொணர்ந்தது. அப்பகுதியில் இடையூறு இருக்கக்கூடும் என்பதைக் காட்டும் வேறு வரைபடங்கள் அக்கப்பலிலேயே இருந்தன. அன்றி, மோதலுக்கு முன்னர் கப்பலின் ஆழமானி காட்டிய அளவுகள் வரைபடம் கூறியதைவிடக் குறைவாக இருந்தன. கருவி பேசியிருக்கிறது. அதன் சொல்லும் வரைபடத்தின் சொல்லும் முரண்பட்டபோது, வேகத்தைக் குறைத்து ஏன் என்று கேட்க ஆளில்லை.

இருபதும் பதினைந்தும் கண்டு நங்கூரமிட்ட பழங்கால மாலுமிகளை இங்கே எண்ணிப் பார்ப்போம். அவர்களிடம் இருந்தது ஒரு கயிறும் ஒரு குண்டும். ஆயினும் இரு அளவுகளுக்கு இடையே இருந்த வேறுபாட்டை அவர்கள் ஆபத்தின் குரலாகக் கேட்டார்கள். அறிவின் அளவு வேறு. அறிந்ததற்குச் செவிசாய்க்கும் மனம் வேறு.

அறியாமையின் இரு வகை

அறநெறி இறையியல் அறியாமையை இருவகையாகப் பிரிக்கிறது. எவ்வளவு முயன்றாலும் நீக்க இயலாதது ஒன்று. அதனை வெல்ல இயலாத அறியாமை என்பர். அதன் விளைவுக்கு ஒருவன் குற்றவாளி ஆகான். தக்க முயற்சியால் நீக்கியிருக்கக்கூடியது மற்றொன்று, வெல்லக்கூடிய அறியாமை. அதன் விளைவில் அவனுக்குப் பங்குண்டு.

குண்டும் கயிறுமின்றிக் கட்டுமரத்தில் சென்றவன் தெரியாத பாறையில் மோதினால், அது முதல் வகை. எக்கோ சவுண்டர் பொருத்திய படகில், திரையைப் பாராமலோ அதன் எண் எங்கிருந்து தொடங்குகிறது என்று கேளாமலோ சென்று மோதினால், அது இரண்டாம் வகை. கடல் மாறவில்லை, பாறையும் மாறவில்லை. மாறியது மனிதனின் நிலை. ஆகவே நம் வினாவுக்கு விடை இதுவே: கருவி நம் பொறுப்பைக் குறைப்பதில்லை. முன்பு நம்மால் இயலாதிருந்ததை இயலக்கூடியதாக்கி, அதன்வழி நம் கடமையின் எல்லையை விரிக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பும் எழலாம். கருவியை விற்றவர் விற்றார், பொருத்தியவர் பொருத்தினார், கையேடோ அயல்மொழியில் இருக்கிறது. படிப்பறிவு குறைந்த ஒரு மீனவன், எவரும் சொல்லித் தராத ஒன்றை அறியவில்லை என்று குற்றம் சாட்டுவது நீதியா? நியாயமான மறுப்புதான். அவனுடைய அறியாமையில் கற்பிக்க வேண்டியவர்க்கும் பங்குண்டு. உயிர் காக்கும் கருவியை ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, அதன் மொழியைக் கற்றுக்கொடாமல் போவது, பூட்டைக் கொடுத்துச் சாவியைக் கொடாததற்கு ஒப்பாகும். ஆயினும் கேட்டால் சொல்ல ஆளிருந்தும், கேட்க வெட்கப்படுபவன் தன் பங்கிலிருந்து விடுபடுவதில்லை.

தூய தோமா அக்குவினார் முன்மதி என்னும் நற்பண்பை ஆராயும்போது அதன் கூறுகளாக எட்டினைக் கூறுகிறார். அவற்றுள் நினைவாற்றலும், பிறரிடம் கற்கும் மனமும், சூழ்நோக்கும், எச்சரிக்கையும் உள்ளன. சுக்கான் பிடிப்பவனுக்கென்றே எழுதியதுபோல் அவை பொருந்துகின்றன. திரையின் இடப்புறத்தை மறவாதிருப்பது நினைவாற்றல். தன் கருத்துக்கு மாறாகச் சாட்சி பேசும்போது அடங்கிக் கேட்பது கற்கும் மனம். காற்று, நீரோட்டம், வரைபடம், கரை அடையாளம் என்று மற்றச் சாட்சிகளையும் அழைத்துக் கேட்பது சூழ்நோக்கு. ஐயமெழுந்தவுடன் வேகத்தைக் குறைப்பது எச்சரிக்கை. கணியத்தில் இரு கோடுகள் வேண்டும் என்று வற்புறுத்திய நம் முன்னோர், இந்நூலைக் கல்லாமலே இதைக் கற்றிருந்தனர்.

அறிந்தவனின் கடன்

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. படகில் பலர் இருக்க, திரையைப் பார்ப்பவன் ஒருவனே. மற்றவர்கள் வலையைச் செம்மை செய்கிறார்கள், உறங்குகிறார்கள். ஆழத்தை அறிந்தவன் அவ்வறிவைத் தனக்காக மட்டும் பெறவில்லை. அவர்கள் அவன் கண்களால் காண்கிறார்கள்.

பவுல் சென்ற கப்பலின் கதை நங்கூரத்தோடு முடிந்துவிடவில்லை. ஆழம் குறைவதை அறிந்த அதே மாலுமிகள், முன்புறத்திலும் நங்கூரம் இறக்கப் போவதாகப் பாசாங்கு செய்து, சிறு படகை இறக்கித் தப்பியோட முயன்றனர். கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். ஆபத்தைச் சரியாகக் கணித்தவர்கள் மாலுமிகள் மட்டுமே. அந்த அறிவையே பிறரைக் கைவிடுவதற்குப் பயன்படுத்தப் பார்த்தார்கள். அவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று பவுல் எச்சரிக்க, படைவீரர்கள் படகின் கயிறுகளை அறுத்துவிட்டனர். மறுநாள் கப்பல் தரைதட்டி உடைந்தது. ஆனால் 276 பேரும் கரை சேர்ந்தனர்.

இது பழங்கதை அன்று. 2012 சனவரி 13 அன்று இத்தாலியின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கொன்கோர்டியா என்னும் பயணக் கப்பல் கரைக்கு மிக நெருங்கிச் சென்று பாறையில் மோதியது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த அக்கப்பலில் 32 பேர் மாண்டனர். பயணிகள் அனைவரும் வெளியேறுமுன்னரே தலைவர் கப்பலைவிட்டு அகன்றார். 2015-இல் நீதிமன்றம் அவருக்கு 16 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. நவீனக் கருவிகளுக்கு அங்கே குறைவில்லை.

கப்பல் மூழ்கியதற்கு மாலுமி அங்கு இல்லாமையே காரணம் என்று சொல்வதுண்டு எனக் காரணங்களைப் பற்றி எழுதுகையில் அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். காக்க வேண்டியவன் இல்லாதிருப்பதே அழிவுக்குக் காரணமாகிறது. இல்லாமை என்பது உடலால் அகல்வது மட்டுமன்று. திரை ஒளிர்ந்துகொண்டிருக்க, கண்கள் அதன்மேல் படிந்திருக்க, மனம் வேறெங்கோ இருப்பவனும் அங்கே இல்லாதவனே. எல்லாம் தனக்குத் தெரியும் என்று எவருக்கும் எதையும் சொல்லாதிருப்பவனும் ஒருவகையில் இல்லாதவனே. அவனுக்கு ஒரு நொடியில் நெஞ்சடைத்தால், எஞ்சியோர் அறியாத மொழியில் பேசும் சாட்சியோடு இருளில் விடப்படுவார்கள்.

அன்பர்களே, நம்மில் பெரும்பாலோர் சோனார் திரைமுன் அமர்பவர்கள் அல்லர். ஆயினும் பிள்ளையின் மதிப்பெண் பட்டியல், நோயாளியின் பரிசோதனை அறிக்கை, குடும்பத்தின் கடன் கணக்கு எனச் சாட்சி சொல்லும் தாள்கள் நம் கைகளிலும் உண்டு. எங்கிருந்து அளந்த எண் இது, எதைக் காட்டாமல் விட்டது, முன்னைய அளவுக்கும் இதற்கும் வேறுபாடு என்ன, இதை அறியாமல் நம்மை நம்பியிருப்போர் யார் என்னும் வினாக்கள் அங்கும் பொருந்தும்.

கடலுக்குச் செல்லும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் படகில் ஸ்ராங்கு ஒருவருக்கே அத்திரையின் மொழி தெரியுமாயின், அடுத்த பயணத்தில் இளையவர் ஒருவரை அருகே அமர்த்துங்கள். வலது ஓரம் எது, எண் எங்கிருந்து தொடங்குகிறது, தரை மேலேறி வந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று சொல்லிக் கொடுங்கள். கரையின் கணியத்தையும் மறவாமல் சொல்லிக் கொடுங்கள். ஆழத்தை இருவர் அறிந்த படகில் மற்றவர்கள் அச்சமின்றி உறங்கலாம்.